தப்பு விடையின் கணக்கு

14 ஜூலை 2025, திங்கள்

0.35, 0.4. இரண்டில் எது பெரிது? ஒன்பதாம் வகுப்பு, இன்று என் டியூஷனில் புதிதாகச் சேர்ந்த பெண். அவளைக் கேட்டேன்.

"0.35 மிஸ்."

"ஏன்?"

"முப்பத்தஞ்சு நாலைவிடப் பெரிசுல்ல?"

பக்கத்தில் இருந்த பையனுக்குச் சிரிப்பு. "0.4தான் மிஸ் பெரிசு" என்றான். அவனையும் ஏன் என்று கேட்டேன். சரியான விடை சொன்னவனை யாரும் ஏன் என்று கேட்டுப் பழக்கமில்லை போலிருக்கிறது, முழித்தான். அப்புறம், "புள்ளிக்குப் பின்னாடி நம்பர் நீளமாப் போச்சுன்னா அது சின்ன நம்பர்" என்றான்.

"அப்போ 0.46, 0.3?"

"0.3 பெரிசு." தயக்கமே இல்லை.

இருவருக்குமே தசம எண் பிடிபடவில்லை. ஆளுக்கொரு விதியைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பேற்றி வந்திருக்கிறார்கள். பள்ளித் தேர்வில் என் முதல் கேள்வி மட்டும் வந்திருந்தால் அவனுக்கு டிக், அவளுக்கு இன்ட்டு. இன்ட்டு வாங்கியவளுக்குத் தன் விதியில் ஏதோ கோளாறு என்றாவது தெரிந்துவிடும். டிக் வாங்கியவன் அதே விதியோடு பத்தாம் வகுப்புக்குப் போய்விடுவான்.

இந்த நோட்டில் பிள்ளைகளின் பெயரை எழுதுவதில்லை. யார் கையிலாவது அகப்பட்டால் அவர்கள் செய்த தப்பு உறையூர் முழுக்கத் தெரிய வேண்டாம். உட்காரும் இடமே பெயர். புதுப் பெண் தூணடி. பையன் ஜன்னலோரம்.

15 ஜூலை, செவ்வாய்

அந்த இரண்டு விதிகளும் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால், இரண்டுமே நல்ல இடத்தில் பிறந்தவை. ஒன்றாம் வகுப்பிலிருந்து தூணடி பார்த்த முழு எண்களில் 35 எப்போதும் 4-ஐவிடப் பெரிதுதான். அந்த விதி அவளை ஒருநாளும் ஏமாற்றியதில்லை. ஜன்னலோரத்தானுக்கு நூறில் ஒரு பங்கு பத்தில் ஒரு பங்கைவிடச் சிறியது என்று தெரியும். அது உண்மை. அந்த உண்மையை ஓரடி அதிகமாக இழுத்து, நூறில் எழுதிய எண்கள் எல்லாமே பத்தில் எழுதியவற்றைவிடச் சிறியவை என்று ஆக்கிக்கொண்டான்.

அவனுக்கு இன்னொரு வாத்தியாரும் உண்டு, கிரிக்கெட். 4.5 ஓவருக்குப் பிறகு ஒரு பந்து போட்டால்? "அஞ்சு ஓவர்." டி.வி. திரையில் நாலரை ஓவரை 4.3 என்றுதான் போடுவார்கள். நம் நோட்டில் நாலரை 4.5. "அப்போ டி.வி.ல போடுறது தப்பா மிஸ்?" தப்பில்லை, அங்கே அந்தப் புள்ளி ஓவரையும் பந்தையும் பிரிக்கிற தடுப்பு. தசமப் புள்ளிக்கு வலப்பக்கம் பத்துப் பத்தாகப் பிரியும், ஓவரில் ஆறோடு சரி. இதை நான் சொல்வதற்குள் அவனே பிடித்துவிட்டான். கிரிக்கெட் அவன் ஊர், அங்கே நான்தான் விருந்தாளி.

விதி எதையும் சொல்லித் தரவில்லை. வரைபடத் தாளில் பத்துக்குப் பத்து சதுரம் வெட்டிக் கொடுத்து, 0.4-ஐயும் 0.35-ஐயும் வண்ணம் தீட்டச் சொன்னேன். தூணடி நாலு வரிசை தீட்டி முடித்தவள், கட்டங்களை எண்ணிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "அப்போ 0.4-ங்கிறது 0.40-தானா மிஸ்?" அவளுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வரிதான். அதை நான் சொல்லியிருந்தால் பத்தோடு பதினொன்றாக எழுதிக்கொண்டிருப்பாள்.

எனக்கான குறிப்பு: தசமத்தைச் சோதிக்க ஒரு ஜோடி போதாது. 0.35, 0.4 ஜோடியில் ஒரு விதி விழும், 0.46, 0.3 ஜோடியில் மற்றது விழும். 0.5, 0.50 ஜோடியில் இரண்டுமே விழும். நல்ல கேள்வியில் ஒவ்வொரு தப்பு விதிக்கும் ஒவ்வொரு விதமான விடை வர வேண்டும். இப்படிக் கேள்வி தேடுவதற்குப் பாடம் நடத்துவதைவிட நேரம் பிடிக்கிறது.

16 ஜூலை, புதன்

வாசல்பக்கம் உட்காரும் பத்தாம் வகுப்புப் பையனின் அம்மா மதியம் வந்தார். ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கிற வேலை. சாப்பாட்டு நேரத்தில் பஸ் பிடித்து வந்திருக்கிறார்.

"டீச்சர், தெருமுனை சென்டர்ல தினமும் டெஸ்ட் வைக்கிறாங்க. அஞ்சு வருஷ கொஸ்டின் பேப்பரும் போட்டு முடிச்சுட்டாங்களாம். நீங்க இன்னும் ரெண்டாவது பாடத்துலயே இருக்கீங்களாமே?"

இருக்கிறேன். யூக்ளிடின் வகுத்தல் வழிமுறை எதற்கு என்று தெரியாமல் அதற்கு அடுத்த பக்கம் போக மனசில்லை. ஆனால் அந்த சென்டரைக் குறை சொல்லவும் வாய் வரவில்லை. பொதுத்தேர்வுக் கணக்குத் தாளில் ஒரு மார்க் 14, இரண்டு மார்க் 10, ஐந்து மார்க் 10, எட்டு மார்க் 2, மொத்தம் 100. எட்டு மார்க் இரண்டும் செய்முறை வடிவியலும் வரைபடமும். ஒரு மார்க்கையும் எட்டு மார்க்கையும் கை பழகிவிட்டால் 30 ஆச்சு. மூன்று இரண்டு மார்க் சேர்ந்தால் 36, பாஸ். பிள்ளை பெயிலாகிவிடுமோ என்று தூக்கம் வராத வீட்டுக்கு இது சின்ன விஷயமில்லை.

"புரிஞ்சு படிச்சா மார்க் வந்துடுமா டீச்சர்?"

"உடனே வராதும்மா. முதல் டெஸ்ட்ல குறையக்கூடச் செய்யும். அரையாண்டுக்குள்ள தெரியும்."

முகம் வாடியது. பொய் சொல்லியிருக்கலாம்தான். அந்தப் பொய்க்கு அடுத்த மாதமே கணக்குக் காட்ட வேண்டிவரும்.

கிளம்பும்போது, "எங்க அக்கா பையனுக்கு அவன் ஸ்கூல் சாரே வீட்ல எடுக்கிறாராம், அவருக்குத்தானே கொஸ்டின் தெரியும்" என்றார். 2009-இல் வந்த கல்வி உரிமைச் சட்டம், 28-ஆவது பிரிவு: பள்ளி ஆசிரியர் தனியாக டியூஷன் எடுக்கக் கூடாது. வகுப்பில் கொஞ்சம் மிச்சம் வைத்து அதையே சாயங்காலம் விற்கிற ஆசை யாருக்கும் வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். பள்ளி வேலையை விட்ட பிறகுதான் நான் இந்தத் திண்ணையைத் திறந்தேன். அதைச் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது அவருக்கு.

18 ஜூலை, வெள்ளி

இழை வைத்த டார்ச் பல்பு இப்போது கிடைப்பதே பெரும்பாடு, எங்கே கேட்டாலும் எல்.இ.டி. சிங்காரத்தோப்புப் பக்கம் தேடி அலைந்து பழைய சரக்கு கொஞ்சம் வாங்கி வந்தேன். இரண்டு செல், இரண்டு பல்பு, தொடர் இணைப்பு. ஸ்விட்சைப் போடுமுன் எல்லாரும் நோட்டில் எழுத வேண்டும்: எந்தப் பல்பு பளிச்சென்று எரியும், ஏன்?

எழுதாமல் பார்த்தால் பார்த்தது எதுவோ அதையேதான் நினைத்திருந்ததாகச் சாதிப்பார்கள். அதனால்தான் இந்தக் கண்டிப்பு.

மூன்று விதமான விடை. பலகையடிப் பெண் (பத்தாம் வகுப்பு): "முதல் பல்பு. கரண்ட் அங்கதான் முதல்ல வருது, அது எடுத்துக்கிட்டது போக மிச்சம்தான் அடுத்ததுக்கு." ஜன்னலோரம்: "ரெண்டும் ஒண்ணா எரியும். பிளஸ்லேர்ந்து ஒண்ணு, மைனஸ்லேர்ந்து ஒண்ணு, ரெண்டு பக்கமும் கரண்ட் வருது." வாசல்: "ஒண்ணாதான் எரியும், புக்ல போட்டிருக்கு." சரியான விடையை எழுதிய இருவரில் ஒருவன் காரணம் தப்பு, இன்னொருவனிடம் காரணமே இல்லை.

ஸ்விட்சைப் போட்டேன். இரண்டாவது பல்பு கொஞ்சம் மங்கல். பலகையடி எழுந்து நின்று கை தட்டினாள். பழைய சரக்கு, இரண்டு பல்பும் ஒரே மாதிரி இல்லை. இதை நான் எதிர்பார்க்கவில்லை, ஆனால் இதைவிட நல்லது நடந்திருக்க முடியாது.

"சரி, இப்போ உன் காரணம்தான் சரின்னு வெச்சுக்குவோம். ரெண்டு பல்பையும் இடம் மாத்தினா என்ன ஆகணும்?"

"அப்பவும் ரெண்டாவதா இருக்கிறதுதான் மங்கணும்."

மாற்றினாள். மங்கல் பல்பு முதல் இடத்துக்குப் போயும் மங்கலாகவே எரிந்தது. செல்லைத் திருப்பிப் போட்டாள், அப்போதும் அதேதான். உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இடத்துல ஒண்ணுமில்ல மிஸ், பல்புலதான் இருக்கு" என்றாள். மல்டிமீட்டரை மூன்று இடத்தில் வைத்துக் காட்டினேன். செல்லுக்கும் முதல் பல்புக்கும் நடுவில், இரு பல்புகளுக்கும் நடுவில், கடைசியில். ஒரே அளவு.

"அப்போ ஈ.பி. பில் எதுக்கு மிஸ் வருது? கரண்ட் செலவாகலைன்னா?"

இதுதான் அவள் விதி பிறந்த இடம். வீட்டில் எல்லாரும் கரண்ட் செலவாகிறது என்றுதான் சொல்கிறோம். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது அவளுக்கு மனப்பாடம். அந்த யூனிட் என்ன என்று கேட்டேன். கிலோவாட் மணி. அது ஆற்றலை அளக்கும் அலகு. ஓடுகிற மின்னூட்டம் சுற்றி வந்துவிடுகிறது, வழியில் ஆற்றலைக் கொடுத்துவிட்டு வருகிறது. பில் அந்த ஆற்றலுக்கு. அவள் வீட்டார் சொல்வதில் பாதி சரி. ஏதோ ஒன்று செலவாகத்தான் செய்கிறது. எது என்பதில்தான் சிக்கல்.

பில்லுக்குப் பதில் சொல்லாமல் பல்பை மட்டும் காட்டி அனுப்பியிருந்தால் தேர்வுக்கு ஒரு விதி, வீட்டுக்கு ஒரு விதி என்று இரண்டையும் வைத்துக்கொண்டிருப்பாள்.

20 ஜூலை, ஞாயிறு

வகுப்பில்லை. துணி காயவில்லை, ஆடிக்காற்றில் கொடியோடு பறக்கிறது.

நேற்று பலகையடி ஒரு கணக்கில் 17-ஐ 6-ஆல் பெருக்க விரல் விட்டுக்கொண்டிருந்தாள். 102 வந்து சேருவதற்குள் எதற்காகப் பெருக்கினாள் என்பதே மறந்துவிட்டது. புரிதல் புரிதல் என்று பேசுகிறவர்கள் வாய்ப்பாட்டை இளக்காரம் செய்வது எனக்கு ஒப்பாது. யோசிக்கிற மனசுக்குக் கை காலியாக இருக்க வேண்டும். இருபது வரை வாய்ப்பாடு, 25 வரை வர்க்கம், இவை நாக்கில் இருந்தால்தான் மூளை வேறு வேலை பார்க்கும். நாளையிலிருந்து வகுப்பு தொடங்கும் முன் ஐந்து நிமிடம் ஒப்பிக்கச் சொல்ல வேண்டும்.

சாயங்காலம் ஜி.எஸ். காரைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். கும்பகோணத்தில் 1903-இல் ராமானுஜன் கைக்கு வந்த தடிப் புத்தகத்தை எழுதியவர். சுமார் 5,000 முடிவுகள், நிரூபணம் என்று பார்த்தால் சுருக்கமான குறிப்புகள், பல இடங்களில் அதுவும் இல்லை. கார் பெரிய ஆராய்ச்சியாளர் அல்லர். கேம்பிரிட்ஜின் டிரைபாஸ் தேர்வுக்கு மாணவர்களைத் தயார் செய்த டியூஷன் வாத்தியார். அந்தப் புத்தகம் அவருடைய கைடு என்றே சொல்லலாம். தேர்வுக்குப் போட்ட சூத்திரப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒரு பையன் ஒவ்வொரு வரிக்கும் தானே காரணம் தேடிப் போனான்.

கைடு கட்சிக்காரர்கள் இதைத் தங்களுக்குச் சாட்சியாகக் கூப்பிடலாம். பட்டியல் போதும், கெட்டிக்காரன் பிழைத்துக்கொள்வான் என்று. அந்தப் பட்டியலை ராமானுஜன் ஒப்பித்துக்கொண்டிருக்கவில்லை என்பதை மட்டும் நான் சொல்வேன். அதே ராமானுஜன் கணிதம் தவிர மற்ற பாடங்களைக் கவனிக்காமல் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வாசல் பையனின் அம்மா பயப்படுவது அதற்குத்தான்.

23 ஜூலை, புதன்

அளவியலுக்கு முன்னோட்டம். அட்டையில் ஒரு கூம்பு, அதே ஆரம், அதே உயரத்தில் ஓர் உருளை. கூம்பில் மணலை நிரப்பி உருளையில் கொட்டினோம். மூன்றாவது தடவை தளும்பத் தளும்ப நிரம்பியது. ஆகவே கூம்பின் கனஅளவு உருளையில் மூன்றில் ஒரு பங்கு. பிள்ளைகளுக்கு மணல் விளையாட்டில் சந்தோஷம், எனக்கும் அதோடு முடித்துக்கொள்ளலாம் என்றிருந்தது.

வாசல் பையன் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "மிஸ், கொஞ்சம் கீழ சிந்திருக்கு. சரியா மூணுன்னு எப்படித் தெரியும்? மூணே காலே அரைக்காலா இருந்தாலும் இப்படித்தானே நிரம்பும்?"

பாடம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் புத்தகத்தில் என்று சொல்கிற பையன் இவன். மற்ற பிள்ளைகள் அவனை விசித்திரமாகப் பார்த்தார்கள். நான் மணலை ஓரமாகத் தள்ளிவிட்டு, அவன் கேள்வியைப் பலகையில் எழுதினேன். அளந்து பார்த்தது எப்போது நிரூபணம் ஆகும்?

இந்தக் கேள்விக்கு வயது இரண்டாயிரத்துக்கு மேல். கூம்பு உருளையில் மூன்றில் ஒன்று என்று முதலில் சொன்னவர் டெமாக்ரிடஸ், ஆனால் நிரூபித்தவர் யூடாக்ஸஸ் என்று ஆர்க்கிமிடீஸ் பிரித்து எழுதி வைத்திருக்கிறார். சொன்னதற்கு ஒரு பங்கு பெருமை, காரணம் காட்டியதற்கு ஒரு பங்கு. பையனிடம் இதைச் சொன்னேன். தானும் யூடாக்ஸஸ் கட்சி என்று தெரிந்ததில் அவனுக்கு ஒரே குஷி.

25 ஜூலை, வெள்ளி

நேற்று ஆடி அமாவாசை. அம்மா மண்டபத்துக்குப் போகிற கூட்டத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு வர வழியில்லை, வகுப்பை இன்றைக்குத் தள்ளிவைத்திருந்தேன்.

அட்டையில் மூன்று சாய்ந்த பிரமிடுகள் செய்தோம். அடி 10 செ.மீ. சதுரம், உச்சி சதுரத்தின் ஒரு மூலைக்கு நேர் மேலே 10 செ.மீ. உயரத்தில். பக்கங்களை வெட்ட அளவு வேண்டும், அதற்குப் பிதாகரஸ் வேண்டியிருந்தது: ஒரு விளிம்பு 14.1, இன்னொன்று 17.3. மூன்றும் ஒரே அளவு. மூன்றையும் உச்சிகள் ஒரே மூலையில் சேரும்படி பொருத்தினால் 10 செ.மீ. கனசதுரம். சிந்த மணல் இல்லை, சந்தேகத்துக்கு இடமும் இல்லை. இந்தப் பிரமிடு சரியாக மூன்றில் ஒன்று.

"ஆனா இது கூம்பு இல்லையே மிஸ். உச்சி வேற ஓரமா இருக்கு." பலகையடி.

ஒரு ரூபாய் நாணயங்களை அடுக்கி, அடுக்கைச் சாய்த்துக் காட்டினேன். உயரம் அதேதான், ஒவ்வொரு அடுக்கின் பரப்பும் அதேதான், சாய்ந்ததால் உலோகம் கூடவோ குறையவோ இல்லை. ஆகவே உச்சி எங்கே இருந்தாலும் ஒன்றுதான். அடி வட்டமாக இருந்தால்? உச்சியிலிருந்து பாதித் தூரத்தில் வெட்டினால் சதுரத்தின் பரப்பும் கால் பங்கு, வட்டத்தின் பரப்பும் கால் பங்கு. அடிப்பரப்பு சமமாக இருந்தால் ஒவ்வொரு மட்டத்திலும் வெட்டுப்பரப்பு சமம், ஆகவே கனஅளவும் சமம். இரண்டு மணி நேரம் போயிற்று. சூத்திரத்தை எழுத அரை நிமிடம் போதும்.

வாசல் பையன் கனசதுரத்தை வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டான்.

26 ஜூலை, சனி

மேட்டூர் இந்த வருஷம் ஜூன் மாதக் கடைசியிலேயே 120 அடி நிரம்பிவிட்டது. காவிரியில் நுங்கும் நுரையுமாகத் தண்ணீர். பேப்பரில் தினமும் கன அடிக் கணக்கு. ஒன்பதாம் வகுப்புக்கு அடுக்குக்குறி எடுக்க இதைவிட நல்ல சமயம் கிடையாது.

அணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி, அதாவது 10-இன் 9-ஆம் அடுக்கு. வினாடிக்கு 10,000 கன அடி திறந்தால் ஒரு டி.எம்.சி. போக எவ்வளவு நேரம்? 10-இன் 9-ஆம் அடுக்கை 4-ஆம் அடுக்கால் வகுத்தால் 5-ஆம் அடுக்கு, ஒரு லட்சம் வினாடி. ஒரு லட்சம் வினாடி என்பது யாருக்கும் கண்ணில் படவில்லை. 3,600-ஆல் வகுத்ததும் ஏறத்தாழ 28 மணி நேரம் என்று வந்தது, முகம் தெளிந்தது. வரத்தே இல்லை என்று வைத்துக்கொண்டால் முழு அணையும் காலியாக 108 நாள். தூணடியே போட்டாள். அவள் தாத்தாவுக்கு லால்குடிப் பக்கம் நிலம் இருக்கிறதாம், ராத்திரியே போனில் சொல்லப்போகிறாளாம்.

அடுத்த கேள்வி: நீர்மட்டம் 60 அடிக்கு இறங்கிவிட்டால் அணையில் பாதித் தண்ணீர் இருக்குமா? ஜன்னலோரம் உடனே, "ஆமா, பாதி."

"ஏன்?"

"எங்க வீட்டு சின்டெக்ஸ்ல பாதி உயரம்னா பாதித் தண்ணிதான் மிஸ்."

அவன் விதி சின்டெக்ஸில் சரி. அணை இரண்டு மலைச்சரிவுக்கு நடுவில் இருக்கிறது, கீழே போகப்போகக் குறுகும். கூம்பைத் தலைகீழாக நிறுத்திப் பாதி உயரத்துக்கு நிரப்பினால் எட்டில் ஒரு பங்குதான் பிடிக்கும். அணை கூம்பு இல்லை, அதனால் எட்டில் ஒன்று என்றும் சொல்லிவிடக் கூடாது. ஆனால் பாதிக்கு நன்றாகக் குறைவு என்று காரணத்தோடு சொல்லலாம். மட்டத்தையும் இருப்பையும் பேப்பரில் ஏன் தனித்தனியாகப் போடுகிறார்கள் என்று அவனுக்கு இன்றுதான் விளங்கியது.

தப்பு விதி ஒவ்வொன்றுக்கும் அது சரியாக இருந்த ஓர் இடம் உண்டு. முழு எண், ஈ.பி. பில், சின்டெக்ஸ். அந்த இடத்தைக் கண்டுபிடித்து, இந்த எல்லை வரை நீ சரி என்று சொன்னால் பிள்ளை அடுத்த அடி வைக்கிறது. தப்பு என்று மட்டும் சொன்னால், தான் கண்ணால் கண்டதையே சந்தேகப்பட்டு மனப்பாடத்துக்குத் திரும்பிவிடுகிறது.

30 ஜூலை, புதன்

பள்ளியில் யூனிட் டெஸ்ட் தாள் கொடுத்திருக்கிறார்கள். பலகையடி கோபமாக வந்தாள். ஓம் விதிக்குத் தன் சொந்த வார்த்தையில் எழுதியிருக்கிறாள், ஒரு மார்க் போய்விட்டது. மனப்பாடம் செய்து எழுதிய வாசல் பையனுக்கு முழு மார்க்.

தாளைப் பார்த்தேன். திருத்திய ஆசிரியர் பக்கம்தான் நியாயம். 'மாறா வெப்பநிலையில்' என்பதை விட்டுவிட்டாள். "அது சும்மா அலங்காரத்துக்குப் போட்டிருக்காங்கன்னு நெனச்சேன் மிஸ்."

டார்ச் பல்பை மறுபடி எடுத்தோம். 2.5 வோல்ட், 0.3 ஆம்பியர் என்று அதன் மேலேயே இருக்கிறது. எரியும்போது மின்தடை எவ்வளவு? வகுத்தாள், எட்டு ஓமுக்குக் கொஞ்சம் மேல். அணைந்து ஆறிய பல்பை மல்டிமீட்டரில் வைத்தால் அதில் ஒரு சின்னப் பங்குதான் காட்டுகிறது. மீட்டர் கெட்டுவிட்டதா என்று தட்டிப் பார்த்தாள். இழை சூடாகச் சூடாகத் தடை ஏறுகிறது, அந்த இரண்டு வார்த்தை இல்லாவிட்டால் விதி இந்தப் பல்பிலேயே உடைந்துபோகும். வாசல் பையனும் எட்டிப் பார்த்தான். அவன் எழுதி மார்க் வாங்கிய வரிக்கு அப்போதுதான் பொருள் கிடைத்தது.

இருவருக்கும் சேர்த்துச் சொன்னேன்: வரையறையைப் புத்தகத்தில் இருக்கிறபடியே எழுதுங்கள். நிறையப் பேர் யோசித்துச் செதுக்கிய வரி அது. ஒவ்வொரு சொல்லையும் எடுத்துவிட்டால் என்ன கெடும் என்று பாருங்கள். ஒன்றும் கெடவில்லை என்று தோன்றினால் என்னிடம் வாருங்கள்.

1 ஆகஸ்ட், வெள்ளி

வாசல் பையன் இன்றோடு நின்றுவிட்டான். அறிவியலில் மார்க் ஏறியிருக்கிறது, கணக்கில் போன முறையைவிடக் குறைவு. அவன் அம்மா போனில் தயங்கித் தயங்கிப் பேசினார். தெருமுனை சென்டரில் ஃபீஸ் என்னுடையதைவிடக் கூட, கட்டிவிட்டாராம். "தப்பா நெனச்சுக்காதீங்க டீச்சர்." நினைக்கவில்லை. குறையலாம் என்று நானே சொன்னதுதான் நடந்தது. சொல்லிவிட்டால் மட்டும் அவர் தூங்கிவிட முடியுமா? தினசரி டெஸ்ட் அவனுக்கு வேகம் கொடுக்கும், ஒரு மார்க் கேள்விகளில் சிந்தாது. கூம்பு ஏன் சரியாக மூன்றில் ஒன்று என்று அங்கே கேட்க அவனுக்கு நேரம் கொடுப்பார்களா என்பது வேறு விஷயம்.

காலி இடத்துக்கு இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஒருவரைத்தான் சேர்ப்பேன். திண்ணையில் இன்னும் பத்துப் பேர் உட்காரலாம். ஆனால் எட்டுப் பேருக்கு மேல் போனால் 'ஏன்' என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க முடியாது. நானே பதிலைச் சொல்லி அடுத்த வரிக்குப் போய்விடுவேன். வருமானக் குறைச்சலுக்குச் சிக்கனம்தான் வழி.

3 ஆகஸ்ட், ஞாயிறு

ஆடிப்பெருக்கு. சித்ரான்னம் கட்டிக்கொண்டு தூணடி வீட்டாரோடு காவிரிக்குப் போனேன். நல்ல வெள்ளம், படித்துறையில் கயிறு கட்டி போலீஸ் நின்றது. கூட்டத்தில் தண்ணீரை எட்டிப் பார்த்துத் தாத்தா, "இது எத்தனை கன அடி இருக்கும்?" என்று பேத்தியைக் கேட்டார். ஆற்றின் அகலம், ஆழம், ஓட்டத்தின் வேகம் மூன்றும் தெரிந்தால் சொல்லிவிடலாம் என்றாள் அவள். வேகத்துக்கு, மிதந்து போகிற மாலை ஒன்றைக் கண்ணால் தொடர்ந்து வினாடி எண்ணினாள். ஆழம் யாருக்கும் தெரியவில்லை. மேற்பரப்பில் ஓடுகிற வேகம் அடியில் இருக்காது என்று தாத்தா சொன்னார். நான் சொல்லித் தராத பாடம் அது.

5 ஆகஸ்ட், செவ்வாய்

பத்தாம் வகுப்பு அறிவியல், இயக்க விதிகள். மூன்றாம் விதியை வாசித்து முடித்ததும் பலகையடி கையைத் தூக்கினாள்.

"மாடு வண்டியை எவ்வளவு விசையில இழுக்குதோ அதே விசையில வண்டியும் மாட்டைப் பின்னால இழுக்குதுன்னா, ரெண்டும் சமமாப் போயிடுமே மிஸ். வண்டி எப்படி நகருது?"

கைடில் இதற்குப் பதில் இல்லை, ஏனென்றால் கைடில் இந்தக் கேள்வியே இல்லை. அவள் கையில் இருக்கும் விதி: சமமும் எதிருமான இரண்டு விசைகள் ஒன்றையொன்று தீர்த்துவிடும். கயிறு இழுக்கும் போட்டியில் கயிறு நடுவில் நிற்பதை அவள் பார்த்திருக்கிறாள். இரண்டு விசையும் ஒரே பொருளின் மேல் இருக்கும் வரை அது முழுக்கச் சரி. இங்கே ஒன்று வண்டியின் மேல், மற்றது மாட்டின் மேல். வண்டியின் கணக்கில் மாட்டின் இழுப்பும் சக்கரத்தைத் தடுக்கும் உராய்வும்தான் வரும். மாட்டின் கணக்கில் வண்டியின் பின்னிழுப்பும், குளம்பு பின்னால் உதைக்கிறபோது தரை முன்னால் தள்ளுகிற விசையும். வழுக்குத் தரையில் மாடு திணறுவது இதனால்தான்.

இவ்வளவும் எனக்குத் தெரியும் என்பதற்காக நாளைக்குச் சொல்லிவிடக் கூடாது. மாடு, வண்டி, தரை என்று மூன்று கட்டம் போட்டுக் கொடுக்கிறேன். எந்த விசை யார் மேல் என்று அவளே அம்புக்குறி போடட்டும். சக்கர நாற்காலி ஒன்று வேண்டும், பக்கத்து வீட்டு ஆபீஸ் நாற்காலியைக் கேட்க வேண்டும். அதில் உட்கார்ந்து சுவரைத் தள்ளினால் யார் நகர்கிறார்கள் என்று எழுதிவிட்டுத்தான் தள்ள வேண்டும். புதுப் பையன் ஆறு மணிக்கு வருகிறான், அவனுக்கு மூன்று தசம ஜோடிகள். வாய்ப்பாடு 18, 19.